யாருடைய கதை, யாருடைய கையெழுத்து? பழவேற்காட்டிலிருந்து பதிப்பு ஒப்பந்தங்களை வாசித்தல்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் சேரிகளுக்கும் ஆய்வாளர்களும் ஆவணப்பட இயக்குநர்களும் இதழாளர்களும் வருவது புதிதல்ல. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த வருகை இன்னும் கூடியிருக்கிறது. வருபவர்கள் ஒலிப்பதிவு செய்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், எழுதுகிறார்கள். ஏரியின் கதை நூலாகிறது. அந்த நூலின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் ஏரிக்கரையில் கேட்கப்படுவதில்லை.

இன்று நிலைமையில் ஒரு மாற்றம் தெரிகிறது. பேசப்படும் பொருளாக மட்டுமே இருந்த சமூகங்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தாமே எழுத முன்வருகிறார்கள். கணினியும் தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் வந்தபின், சிறு முதலீட்டில் தொடங்கப்படும் பதிப்பகங்களும் பெருகியுள்ளன. கைப்பிரதி இருக்கிறது, வெளியிட ஆள் இருக்கிறார். இடையில் ஒரு காகிதம் நீட்டப்படுகிறது. எழுதியவர் மகிழ்ச்சியில் அதைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார், அல்லது காகிதமே இல்லாமல் வாய்ச்சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நிலத்துக்கும் நீருக்கும் போராடும் நாம், நம் சொல்லுக்கான உரிமையை இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுப்பது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாய்மொழிக்கு உரிமையாளர் யார்?

இந்தக் கேள்விக்குப் பழவேற்காட்டிலேயே நெடிய வரலாறு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை இங்கிருந்த காலத்தில், 1630களில், ஆபிரகாம் ரோஜரியஸ் என்ற பாதிரியார் இங்கே பணியாற்றினார். பத்மநாபன் என்ற பிராமணர் சொன்ன செய்திகளைத் திரட்டி, சோழமண்டலக் கரையின் சமயத்தையும் வழக்கங்களையும் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1651இல், அவருடைய மனைவியின் முயற்சியால் அது லெய்டன் நகரில் அச்சானது. பின்னர் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் பெயர்க்கப்பட்டது. இக்கரையின் வாழ்க்கையை ஐரோப்பாவுக்குச் சொன்ன தொடக்ககால நூல்களுள் அது ஒன்று. சொன்னவர் பிராமணர் என்பதால் அவர் பெயராவது வரலாற்றில் நின்றது. அதே கரையில் வலை இழுத்தவர்களும் உப்புச் சேற்றில் இறால் பொறுக்கியவர்களும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்பாரில்லை.

இதனோடு 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த வீரம்மாவின் வாழ்க்கை வரலாற்றை ஒப்பிடலாம். புதுச்சேரியை அடுத்த காரணி கிராமத்தைச் சேர்ந்த தலித் விவசாயக் கூலித் தொழிலாளியான வீரம்மா, ஆண்டுக்கணக்கில் ஜோசியான் ராசினிடம் சொன்னவையே அந்நூல். எழுத்தறியாத வீரம்மாவின் பெயர் ஜோசியான் ராசின், ஜான்-லூக் ராசின் ஆகியோரின் பெயர்களோடு நூலாசிரியர் பெயராக அட்டையில் இடம்பெற்றது. ‘தகவல் தந்தவர்’ என்று நன்றியுரையில் ஒரு வரியாகச் சுருங்குவதும் ஆசிரியராக அட்டையில் நிற்பதும் ஒன்றல்ல. முன்னது மரியாதை மட்டுமே. பின்னது உரிமை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைப்பை உருவாக்கியவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. இருவர் கூட்டுழைப்பில், ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரிக்கமுடியாதபடி உருவான படைப்புக்கு இருவரும் இணை ஆசிரியர்கள். மௌலானா அபுல் கலாம் ஆசாத் உருதுவில் பேசியதைக் கேட்டு ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதிய ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ நூல் தொடர்பாக டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நஜ்மா ஹெப்துல்லா தொடுத்த அவ்வழக்கில், பேசியவரும் எழுதியவரும் நெருங்கிய அறிவுசார் ஒத்துழைப்பால் அந்நூலைப் படைத்தார்கள் என்றும், எனவே இருவரும் இணை ஆசிரியர்கள் என்றும் நீதிமன்றம் கருதியது.

ஆசாத்துக்குப் பொருந்துவது இறால் பொறுக்கும் பெண்ணுக்கும் பொருந்தவேண்டும். ஆனால் நேர்காணலில் விடை சொன்ன எல்லாரும் தாமாகவே இணை ஆசிரியர்கள் ஆகிவிடுவதில்லை. எந்த அளவு ஒத்துழைப்பு இருந்தது என்பது ஒவ்வொரு வழக்கிலும் மெய்ப்பிக்கவேண்டிய செய்தி. ஆகவே ஒலிப்பதிவு தொடங்கும்முன்பே, நூலானால் பெயர் எப்படி வரும், வருவாய் எப்படிப் பிரியும், அச்சுக்குப் போகும்முன் பிரதியை வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்கப்படுமா என்ற மூன்றையும் எழுதி வாங்கவேண்டும். கேரளத்தின் நளினி ஜமீலா, வேறொருவர் உதவியோடு 2005இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் தம் குரல் இல்லை என்று கண்டு, அதைக் கைவிட்டுத் திருத்திய வடிவத்தை மீண்டும் வெளியிட்டார். அவரால் அது முடிந்தது. எல்லாராலும் முடியாது.

பாடு முறை கற்றுத்தரும் பாடம்

பதிப்பு ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளப் பழவேற்காட்டுக்காரருக்கு வெளியிலிருந்து உவமை தேவையில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நாடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் நெடுங்காலமாக நிலவிவரும் பாடு முறையில், ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடங்கள் முறை வைத்துப் பகிரப்படுகின்றன. இன்று ஒரு குழுவுக்குரிய இடம் நாளை வேறு குழுவுக்குப் போகும். எந்த இடம், எந்த நாள், எந்த வலை என்பதற்கெல்லாம் வரையறை உண்டு. முறை முடிந்ததும் உரிமை திரும்பிவிடும். ஏரியை யாரும் யாருக்கும் விற்பதில்லை.

சட்டம் கூறும் ‘உரிமம்’ இதைப் போன்றது. குறிப்பிட்ட வடிவில், குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நிலப்பரப்பில் நூலை வெளியிட அனுமதி தருகிறோம். உரிமை நம்மிடமே இருக்கிறது. ‘உரிமை மாற்றம்’ வேறு. அது குறிப்பிட்ட உரிமையையே பதிப்பாளர் பெயருக்கு எழுதிக்கொடுப்பது. ‘இந்நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சாரும், காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற ஒற்றை வரியில் கையெழுத்திடுபவர், பாட்டுக்குப் பதிலாக ஏரியையே எழுதிக்கொடுக்கிறார். அந்த ‘காலம் முழுவதும்’ என்பது ஆசிரியரின் ஆயுளோடு, அவர் இறந்த ஆண்டுக்குப் பிந்தைய 60 ஆண்டுகளையும் சேர்த்தது. பேரப்பிள்ளைகளின் உரிமையும் அந்த வரியில் அடங்கிவிடுகிறது.

பாடு முறையின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கக்கூடாது. அதில் பங்கு பெறுவதற்குச் சாதியும் தலைக்கட்டும் தகுதியாக இருந்தன. தலித்துகளும் இருளரும் பெண்களும் அதற்கு வெளியே நின்றார்கள். விதி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், விதியை எழுதும் இடத்தில் நாம் இல்லையென்றால் அது நமக்குப் பயன்படாது. பதிப்புத் துறைக்கும் இது பொருந்தும்.

ஓர் உரிமை அல்ல, உரிமைகளின் கட்டு

நூலின் பதிப்புரிமை ஒரே பொருள் அன்று. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, நாடகம், திரைப்படம், பாடநூல் தொகுப்பு என ஒவ்வொன்றும் தனித்தனியே தரவோ தராமல் வைத்திருக்கவோ கூடியது. பாரதியின் படைப்புகளுக்கு நேர்ந்ததைத் தமிழ்ச் சமூகம் அறியும். அவருடைய பாடல்களின் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு உரிமை நூலுரிமையிலிருந்து தனியே பிரிந்து வணிகர்களிடம் சென்று, பிறகு ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் அரசு பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கும் வரை அந்த நிலை நீடித்தது.

தலித் எழுத்துக்கு இந்தத் துணை உரிமைகள் கூடுதலாக முக்கியமானவை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் தமிழில் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வெளியாகிக் கிராஸ்வேர்ட் விருது பெற்றபின் அந்நூல் இந்தியாவுக்கு வெளியேயும் பல்கலைக்கழக வகுப்பறைகளில் வாசிக்கப்பட்டது. ஒரு தலித் நூல் தமிழில் விற்பதைவிட மொழிபெயர்ப்பிலும் பாடத்திட்டத்திலும் அதிகம் பரவக்கூடும். 2023 முதல் நடைபெறும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியும், அதனையொட்டித் தமிழ்நாடு அரசு வழங்கும் மொழிபெயர்ப்பு நல்கையும் இவ்வுரிமைகளுக்குச் சந்தை மதிப்பை உயர்த்தியுள்ளன. இந்நிலையில் தமிழ் அச்சுரிமையோடு மொழிபெயர்ப்பு உரிமையையும் திரை உரிமையையும் சேர்த்துக் கேட்கும் பதிப்பாளரிடம், அவற்றை விற்றுத்தரும் திறன் அவருக்கு உண்டா என்று கேட்பது நம் கடமை. திறன் இல்லையெனில் அந்த வரியை நீக்கச் சொல்லலாம். திறன் இருந்தால் வருவாயில் ஆசிரியர் பங்கை விழுக்காட்டில் குறிப்பிடச் சொல்லலாம்.

பலரும் அறியாத பாதுகாப்புகள் சட்டத்திலேயே உள்ளன. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், தருபவர் கையெழுத்திடவேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவை அதில் குறிப்பிடப்படவேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி, அது காலாவதியாகிறது. இந்த விதிகள் 30A பிரிவின் வழியே உரிமத்துக்கும் பொருந்தும். ஒப்பந்தம் செய்த நாளில் வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, அது பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டாலன்றி, பழைய உரிமை மாற்றம் செல்லாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு நூல்களைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி, ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024இல் ஓப்பன்ஏஐக்கு எதிராகத் தொடுத்த வழக்கின் மூலம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்திருக்கிறது. இனி எழுதும் ஒப்பந்தங்களில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

வாய்ச்சொல் ஒப்பந்தத்தின் இடரை 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ‘குடிஅரசு’ வழக்கும் காட்டுகிறது. பெரியாரின் எழுத்துகளைப் பெரியார் திராவிடர் கழகம் தொகுத்து வெளியிடுவதற்குத் தடை கேட்டுச் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நீதிபதி கே. சந்துரு தடை வழங்க மறுத்தார். நிறுவனத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்பது நிறுவப்படவில்லை. காகிதம் இல்லாத உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது பெரிய நிறுவனங்களுக்கே கடினம் என்றால், தனி ஆசிரியரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

புதிய பதிப்பகத்தை எடைபோடுதல்

புதிய பதிப்பகம் என்பதாலேயே ஐயுறுவது நம் மரபுக்கே முரணானது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியபோதும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோதும் அவர்களும் புதியவர்களே. அயோத்திதாசரின் நூல்களைக் கோலார் தங்க வயலின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டிராவிட்டால் அவற்றுள் பல நமக்குக் கிடைத்திருக்கமாட்டா. அவர் 1914இல் மறைந்தபின், ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வரும்வரை பொதுச்சமூகம் அவரை ஏறத்தாழ மறந்தே இருந்தது. பெரிய பதிப்பகங்கள் நம்மைத் தேடி வராத காலத்தில் சிறியவையே நம் சொல்லைக் காத்தன.

பழைய பதிப்பகம் என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. இந்தி எழுத்தாளர் வினோத் குமார் சுக்ல, தம் நூல்களை நெடுங்காலமாக வெளியிட்டுவந்த பெரிய பதிப்பகங்கள் தரும் ராயல்டி மிகக் குறைவு என்று 2022இல் வெளிப்படையாகக் குறைகூறினார். 2025இல், அவற்றைவிட இளைய ஹிந்த் யுக்ம் பதிப்பகம், ஆறு மாத விற்பனைக்கான ராயல்டியாக அவருக்கு 30 இலட்சம் ரூபாய் வழங்கியது செய்தியானது. ஞானபீட விருதின் வெளிச்சம் அதற்குத் துணைநின்றிருக்கலாம். ஆயினும் விற்பனைக் கணக்கைத் திறந்து காட்டும் பதிப்பகத்தால் என்ன முடியும் என்பதற்கு அது சான்று. ஆகவே நாம் பார்க்கவேண்டியது பதிப்பகத்தின் வயதை அல்ல, கணக்கை.

முதலில் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். பதிப்பாளர் முதலிட்டு ஆசிரியருக்கு ராயல்டி தந்தால் அது பதிப்பு. ஆசிரியரிடம் பணம் வாங்கி அச்சிட்டுத் தந்தால் அது அச்சுச் சேவை. சேவையை வாங்குவதில் இழிவில்லை. ஆனால் செலவையும் ஆசிரியர் ஏற்று, உரிமையையும் பதிப்பகத்துக்கே எழுதிக்கொடுப்பது கொள்ளை. ‘200 படிகளை நீங்களே வாங்கிக்கொள்ளவேண்டும்’ என்ற நிபந்தனையும் வேறு பெயரில் வாங்கும் பணமே. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது.

அடுத்து, பதிப்பகம் சட்டப்படி யார் என்று அறியவேண்டும். தனிநபர் நிறுவனமா, கூட்டாண்மையா, அறக்கட்டளையா, கம்பெனியா? நாளை வழக்கென்றால் யார் பெயரில் அறிவிக்கை அனுப்புவது? முன்பு வெளியிட்ட நூல்களின் ஆசிரியர்கள் இருவரிடமாவது பேசி, கணக்கு ஆண்டுதோறும் வந்ததா என்று கேட்கவேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் நூல் வெளியான 30 நாள்களுக்குள் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட குறிப்பிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்பவேண்டும். அவருடைய முந்தைய நூல்கள் கன்னிமாராவில் இருக்கின்றனவா என்று பார்த்தாலே அவர் தொழில் ஒழுங்கு ஓரளவு புலப்படும்.

ராயல்டி எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதும் முக்கியம். ஒரு நூலின் விலை 200 ரூபாய், விற்றவை 500 படிகள், ராயல்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். அச்சிட்ட விலையின்மீது என்றால் ஆசிரியருக்கு 10,000 ரூபாய். ‘நிகர வருவாயின்மீது’ என்று எழுதி, கடைக்காரருக்கு 40 விழுக்காடு கழிவு போனால், 6,000 ரூபாய்தான். விழுக்காடு மாறவில்லை, ஒரு சொல்தான் மாறியது. நூலக ஆணைக்கு விற்ற படிகள் கணக்கில் வருமா என்பதையும் வெளிப்படையாக எழுதவேண்டும்.

நம் முகாமிலிருந்தே வரும் பதிப்பகங்களிடம் இக்கேள்விகளைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். ‘தோழரிடம் போய்க் கணக்குக் கேட்பதா?’ என்கிறார்கள். கூலியைப் பேசாமல் வேலை வாங்கும் பழக்கம் எந்த அமைப்பிலிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். அது நம் இயக்கத்துக்குள் நுழைய இடம் தரக்கூடாது. நேர்மையான தோழருக்கு ஒப்பந்தம் சுமை அல்ல, அவரையும் காக்கும் கருவி.

மிரட்டல் வரும் நாளுக்கான விதி

தலித் எழுத்தாளருக்கான ஒப்பந்தத்தில் மற்றவர்களைவிட ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. ‘நூலால் எழும் அனைத்து வழக்குகளுக்கும் இழப்புகளுக்கும் ஆசிரியரே பொறுப்பு’ என்ற வரி அது. சாதி ஆதிக்கத்தைப் பெயர் சொல்லி எழுதும் நூலுக்கு எதிர்ப்பு வருவது வியப்பில்லை. ‘மாதொருபாகன்’ நூலுக்காகப் பெருமாள்முருகன் 2015இல் எழுத்தையே கைவிடுவதாக அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2014இல் வெண்டி டோனிகரின் நூலை அதன் பதிப்பகமே வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டு திரும்பப்பெற்றது.

ஆகவே மூன்றைக் கேட்கவேண்டும். ஆசிரியரின் பொறுப்பு, படைப்பு தம்முடையது என்பதற்கும் பிறர் உரிமையை அவர் மீறவில்லை என்பதற்கும் மட்டுமே உரியதாக இருக்கட்டும். வழக்குச் செலவைப் பதிப்பகம் பகிரட்டும். எக்காரணத்தாலோ பதிப்பகம் நூலைத் திரும்பப்பெற்றால் எல்லா உரிமையும் அன்றே ஆசிரியருக்குத் திரும்பட்டும். இந்த மூன்றாவது வரி இல்லையென்றால், பயந்த பதிப்பாளரின் கையில் நம் நூல் பூட்டிக் கிடக்கும். உரிமை அவருடையது என்பதால் வேறெவரும் வெளியிடவும் இயலாது.

உரிமையை முழுதாக எழுதிக்கொடுத்தபின்னும் ஆசிரியரிடம் எஞ்சுவது ஒன்று உண்டு. 57ஆம் பிரிவின்படி, தாமே ஆசிரியர் என்று கோரவும், தம் மதிப்புக்குக் கேடு தரும் வகையில் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மன்னு பண்டாரியின் நாவலைப் படமாக்கியது தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. சாதிப் பெயரை நீக்கி, ஊரின் பெயரை மாற்றி, கதையின் முனையை மழுக்கும் திருத்தங்களை எதிர்க்க இது நமக்குப் பயன்படும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. ஒப்படைத்த உரிமையைப் பதிப்பாளர் போதிய அளவு பயன்படுத்தாவிட்டாலோ, நிபந்தனைகள் ஆசிரியருக்குக் கடுமையாக இருந்தாலோ, 19A பிரிவின்கீழ் உரிமை மாற்றத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். ஆனால் உரிமை மாற்றம் நடந்து 5 ஆண்டுகளுக்குள் ரத்து ஆணை பிறப்பிக்க இயலாது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின் இத்தகைய முறையீடு வணிக நீதிமன்றத்துக்கே செல்கிறது. பதிப்புரிமை மீறலுக்கு, வழக்காடுபவர் வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க 62ஆம் பிரிவு இடம்தருகிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் கூறுகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நிலத்தகராறுக்கும் குடும்ப வழக்குக்கும் மட்டுமே அணுகும் வழக்கத்தை நாம் மாற்றவேண்டும்.

செய்யவேண்டியவை

கையெழுத்திடுபவர் தனியாக நிற்கும்வரை ஒப்பந்தத்தின் சொற்களைப் பதிப்பாளரே எழுதுவார். கல்லூரி மாணவர் அமைப்புகளும் தலித் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் கூடித் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை உருவாக்கிப் பொதுவில் வைக்கவேண்டும். உரிமம் மட்டுமே, 5 ஆண்டுகள் மட்டுமே, அச்சிட்ட விலையின்மீது ராயல்டி, ஆண்டுக்கொரு கணக்கு, நூல் கிடைக்காமற் போனால் உரிமை திரும்புதல் ஆகிய ஐந்தும் அதன் அடிப்படையாகட்டும். நம் பதிப்பகங்கள் முதலில் அதை ஏற்கட்டும். வாய்மொழி வரலாறு திரட்ட வருவோருக்கென ஒரு பக்க உடன்படிக்கையும் வேண்டும். அது குப்பத்து மக்களுக்குப் புரியும் தமிழில், படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக்காட்டி, ஒரு படி அவர்களிடமே இருக்கும்படி செய்யப்படவேண்டும்.

பழவேற்காட்டின் நீரில் யாருக்குப் பங்கு என்ற போராட்டம் இன்னும் முடியவில்லை. அந்நீரைப் பற்றிய சொல்லில் யாருக்குப் பங்கு என்பதை மட்டும் காகிதத்தில் எழுதி, இன்றே நாம் தீர்த்துக்கொள்ள முடியும். அடுத்த கைப்பிரதி அச்சுக்குப் போகும்முன் அதைச் செய்வோம்.